காருக்குக் கவசம், பர்சுக்குக் கோவணம்

புதுசா கார் எடுக்கப் போறவங்க, எடுத்து ஒரு வாரம் ஆனவங்க, எடுக்கிறவங்களுக்கு ஓசியில யோசனை சொல்றவங்க... எல்லாருக்குமான பதிவு மக்களே இது. கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும். ஃபிலிம் ஒட்டுற கடை வச்சிருக்கிற அன்பர் யாராவது வழி தவறி இங்க வந்தா, கோச்சுக்காம பின்னூட்டத்துல பதில் சொல்லுங்க. ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)

விஷயம் பெயிண்ட் புரொடெக்சன் ஃபிலிம். செல்லப் பேரு பிபிஎஃப். எங்க ஆஃபீஸ்ல முன்னெல்லாம் யாராவது கார் வாங்கினா "எவ்ளோ மைலேஜ் குடுக்குது?"ன்னு கேட்பாங்க. இப்போ முதல் கேள்வியே "ஃபிலிம் ஒட்டியாச்சா? எத்தனை மைக்ரான்?" ஒட்டலைன்னு சொன்னா, பெத்த புள்ளைக்குத் தடுப்பூசி போடாதவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பத்து, பன்னெண்டு லட்ச ரூபாய் காருக்கு ஒரு லட்சத்துக்கு மேல குடுத்து முழு உடம்புக்கும் பிளாஸ்டிக் சட்டை மாட்டி விடுறது இன்னிக்கு ரொம்ப சாதாரணமா ஆயிடுச்சு. என்னைக் கேட்டா இது சுத்தமான சொ.செ.சூ. ஏன்னு சொல்றேன்.

முதல்ல நியாயமா ஒண்ணு. சரக்கு நல்ல சரக்குதான். வியட்நாம் போர் நடந்த காலத்துல அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களோட இறக்கை விளிம்பை மணலும் தூசியும் அரிச்சுத் தள்ளிச்சு. அதுக்குத் தீர்வா வந்ததுதான் இந்த பாலியூரிதீன் ஃபிலிம், 3எம் கம்பெனி கைவண்ணம். அப்புறம் ரேஸ் கார், அப்புறம் கோடீஸ்வரங்க கார், கடைசியா நம்ம ஷோரூம் வாசல். கீழ பசை, நடுவுல டிபியூங்கிற ரப்பர் மாதிரி இழுபடுற பிளாஸ்டிக், மேல ஒரு மெல்லிசு பூச்சு. மொத்தம் 150-லேர்ந்து 200 மைக்ரான் தடிமன். கம்பெனியில அடிச்ச பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்தே பெரும்பாலும் 100-130 மைக்ரான்தான், அதாவது சட்டை தோலை விடத் தடிமன். வேகமா வந்து மோதுற பொடிக் கல்லோட அடியை இது வாங்கிக்கும். இதுல எனக்கு சண்டையே இல்ல.

என் சண்டை, கல் எங்க அடிக்குது, எப்ப அடிக்குதுங்கிறதுல.

பிளஸ் டூ இயற்பியல் போதும். மோதுற ஆற்றல் வேகத்தோட இருமடிக்குத் தக்கபடி ஏறும். நூறுல போற கார் மேல படுற கல்லுக்கு, முப்பதுல போற கார் மேல படுற அதே கல்லை விட சுமார் பதினோரு மடங்கு ஆற்றல். பைபாஸ்ல வாரா வாரம் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் பறக்கிறவருக்கு பம்பர்லயும் பானட் நுனியிலயும் அம்மை போட்ட மாதிரி புள்ளி விழும், வாஸ்தவம். வேளச்சேரியிலேர்ந்து சோழிங்கநல்லூருக்கு ரெண்டாவது கியரைத் தாண்டாம போயிட்டு வர்ற நம்ம பொட்டி தட்டுற ஜனத்துக்கு எந்தக் கல்லு வந்து அடிக்கப் போகுது? சரி, அடிக்குதுன்னே வச்சுக்குவோம். முன்னாடிதானே அடிக்கும்? கூரைக்கு எதுக்கு ஃபிலிம்? டிக்கிக்கு எதுக்கு? பின் கதவுக்கு எதுக்கு? ரிவர்ஸ்லயே நூறுல போறீங்களா?

நம்ம ஊர் காருக்கு வர்ற ஆபத்தே வேற. பைக் ஹேண்டில்பார், ஷேர் ஆட்டோவோட பின்பக்கக் கம்பி, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் தூண், காத்துல தானா சாத்திக்கிற வீட்டு கேட்டு, தண்ணி லாரி, நம்ம நிழல்லயே முதுகு சொறியிற மாடு. இதுல முக்கால்வாசி நசுங்கல் கேஸ். 0.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் நசுங்கலைத் தடுக்காது. நசுங்கின தகரத்து மேல ஃபிலிம் மட்டும் பளபளன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கும். தட்டி எடுத்துப் பெயிண்ட் அடிக்கணும்னா அந்த ஃபிலிமை உரிச்சுக் குப்பையில போட்டுட்டுத்தான் அடிக்கணும். அப்புறம் அந்த பேனலுக்கு மறுபடி புது ஃபிலிம், மறுபடி காசு.

வெயில்ல சாய்ச்சுப் பார்த்தா தெரியுற சிலந்தி வலை மாதிரி கீறல்? அது ரோட்டுல வர்றதில்ல, விடிகாலை ஆறு மணிக்கு உங்க பார்க்கிங்ல வருது. ஒரே வாளி, ஒரே பழைய துணி, அதுல இருபது கார். பத்தொம்பதாவது காரோட மணலை உங்க இருபதாவது கார் மேல தேய்ச்சா கீறல் விழாம மல்லிப்பூவா விழும்? கழுவுறவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. மாசத்துக்கு நாம குடுக்கிற சில நூறு ரூபாய்க்கு அவர் காருக்குக் காரு வாளி மாத்துவார்னு எதிர்பார்க்கிறது அநியாயம். நல்ல மைக்ரோஃபைபர் துணி நாலு வாங்கி அவர் கையில குடுங்க, மேல ஒரு நூறு ரூபாயும் சேர்த்துக் குடுங்க. லட்ச ரூபாய் வேலையில பாதி அங்கயே முடிஞ்சுது. போர் தண்ணி உப்புக்கறை, காக்கா எச்சம் எல்லாம் ஃபிலிம் மேலயும் கறையா உட்காரும். உடனே துடைக்கிற வேலை எப்படியும் நம்ம தலையிலதான்.

இப்ப கடைக்கு வருவோம். நண்பன் ஒருத்தனுக்குத் துணையா மூணு கடை ஏறி இறங்கினேன், ரெண்டு சனிக்கிழமை காலி. எங்கயும் ஒரே நாடகம்தான். மாதிரிக்கு ஒரு கருப்பு பேனல் வச்சிருப்பாங்க. கம்பி பிரஷ்ஷை எடுத்து அது மேல வரட்டு வரட்டுன்னு தேய்ப்பாங்க. நாம பதறுவோம். ஒரு ஜக் வெந்நீரை ஊத்துவாங்க. கீறல் மாயம்! நண்பன் வாயைப் பிளந்துட்டான். இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. மேல் பூச்சு சூட்டுல இளகிப் பழைய வடிவத்துக்குத் திரும்புது. மேலோட்டமான கீறல்னா மட்டும். சாவியால அழுத்திக் கீறி, பூச்சைத் தாண்டிக் கத்தி மாதிரி இறங்கிச்சுன்னா வெந்நீர் என்ன, பன்னீரே ஊத்தினாலும் மறையாது. அந்தச் சாவியை எடுத்து நான் ஒரு கீறு போட்டுப் பார்க்கவான்னு கேட்டேன். "சாம்பிள் பீஸ் சார், அது ஒண்ணுதான் இருக்கு"ன்னு வாங்கி உள்ள வச்சுட்டார்.

அடுத்தது பேர் விளையாட்டு. நான் கேட்டேன், "இது எங்க தயாராகுது?"

"யூஎஸ் டெக்னாலஜி சார்."

"சரிங்க, தயாராகுறது எங்க?"

"யூஎஸ் டெக்னாலஜி சார்."

ரூம் போட்டு யோசிப்பாங்க போல. டிபியூன்னு நான் மேல சொன்னது நல்ல ஜாதி. அதுலயும் ரெண்டு இருக்கு. அலிஃபாட்டிக் வகை வெயிலைத் தாங்கும். அரோமாட்டிக் வகை புற ஊதாக் கதிர் பட்டாலே மஞ்சளாகும். இதுக்குக் கீழ பிவிசி. பிளம்பிங் குழாயோட ஒண்ணு விட்ட தம்பி. மெதுமெதுன்னு இருக்கிறதுக்காக அதுல பிளாஸ்டிசைசர் கலப்பாங்க. வெயில்ல அது மெல்ல வெளியேறிடும், ஃபிலிம் சுருங்கி, விறைச்சு, வெடிக்கும். இந்த பிவிசிக்கு ரொம்ப மவுசு இல்லைன்னு தெரிஞ்சதும் டிபிஹெச்னு ஒரு புதுப் பேர் வந்திருக்கு. காதுக்கு டிபியூ மாதிரியே கேட்குது பாருங்க, அதுதான் நுண்ணரசியல். உள்ள பெரும்பாலும் பதப்படுத்தின பிவிசிதான். ஒட்டின அன்னிக்கு மூணுமே ஒரே பளபளப்பு, நம்ம கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ரெண்டு சித்திரை வெயில் தாண்டினாத்தான் குட்டு வெளிப்படும். அதுக்குள்ள கடைக்காரர் எந்த ஊர்ல இருப்பாரோ!

"பத்து வருஷ வாரண்டி சார்"ங்கிறாங்களே, அந்தக் காகிதத்தை வாங்கிப் பொறுமையாப் படிச்சேன் (மென்பொருள் ஒப்பந்தம் படிச்சுப் படிச்சு இந்த ஒரு பொறுமை மட்டும் வந்திருக்கு). மஞ்சளாகிறது, வெடிப்பு, குமிழ், பசை விட்டுப் போறது, இதெல்லாம் வாரண்டியில வருது. கல் அடிச்சு ஃபிலிம் கிழிஞ்சா? வராது. கறை? வராது. யாராவது கீறினா? வராது. எந்த பயத்தைக் காட்டி இதை வித்தாங்களோ, அந்த பயம் நிஜமாகும்போது வாரண்டி கையை விரிச்சிடும். இது தெரிஞ்சுதான் எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்களா?

வேற டீம்ல இருக்கிற ஒருத்தர் 1,30,000 ரூபாய் குடுத்து ஒட்டினார். ரெண்டாவது மழைக்காலத்துல கதவு ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி எழும்பிடுச்சு. கடையைத் தேடிப் போனா அங்க ஷவர்மா சுத்திக்கிட்டு இருக்கு. ஃபிலிம் கம்பெனிக்கு ஃபோன் போட்டா, ஒட்டினவர் மூலமாத்தான் வரணும்ங்கிறாங்க. ஒட்டினவர் எங்க? ஷவர்மா ரெண்டு சாப்பிட்டுட்டு வந்தாராம்.

சரி, கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக் குறைஞ்சுது. அதுக்கு முன்னாடி சின்ன பெட்ரோல் காருக்கு செஸ்ஸோட சேர்த்து 29. பத்து லட்ச ரூபாய் ஷோரூம் விலைக்கு ஏறக்குறைய 85,000 மிச்சம். நம்மாளுங்க என்ன பண்ணாங்க? அந்த மிச்சத்தை அப்படியே கொண்டு போய் ஃபிலிம் கடையில கொட்டினாங்க. சில டீலர்கள் இன்னும் ஒரு படி மேல போய் ஃபிலிமையும் பில்லுல ஏத்தி, கார் லோன்லயே சேர்த்துக் குடுக்கிறாங்க. 1,20,000 ரூபாயை 9 சதவீத வட்டியில ஏழு வருஷத்துக்குப் போட்டா மாசம் சுமார் 1,930 ரூபாய். மொத்தமாக் கட்டி முடிக்கும்போது 1,62,000. பிளாஸ்டிக் தாளுக்கு ஏழு வருஷத் தவணை சாமி!

இன்னொரு கணக்கு. பானட், கூரை, ரெண்டு பம்பர், ரெண்டு ஃபெண்டர், நாலு கதவு, ரெண்டு குவார்ட்டர் பேனல், டிக்கி. மொத்தம் பதிமூணு பேனல். எங்க ஏரியாவுல ஒழுங்கா புகைக்கூண்டு வச்சு, ச்சே, பெயிண்ட் பூத் வச்சு அடிக்கிற இடத்துல ஒரு பேனலுக்கு 4,000-லேர்ந்து 6,000 ஆகுது. உங்க ஊர்ல கூடக் குறைய இருக்கலாம். ஆறாயிரம்னே வச்சா, பதிமூணையும் அடிக்க 78,000. அதாவது அஞ்சு வருஷம் கழிச்சுக் கார் முழுக்க கீறலாப் போயி மொத்தமாப் புதுசாப் பெயிண்ட் அடிச்சாலும், ஃபிலிமை விடக் கம்மி. நிஜத்துல யாருக்கும் பதிமூணும் அடிக்க வேண்டி வராது. ரெண்டோ மூணோதான்.

"கம்பெனி பெயிண்ட் மாதிரி வருமா?"ன்னு ஒரு குரல் கேட்குது. நியாயமான கேள்வி. வராது. ஃபேக்டரியில வெறும் தகரத்தைத் தொட்டியில முக்கி எடுத்து, மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சு ஏத்தி, ஒவ்வொரு அடுக்கையும் அடுப்புல வேக வைப்பாங்க. மேல் பூச்சே 140 டிகிரி சூட்டை ஒட்டித்தான் வேகும். டயரும் சீட்டும் மாட்டின காரை அந்தச் சூட்டுல வைக்க முடியாது. ஆனா அந்த வித்தியாசத்துக்கு ஒரு லட்சம் பொறுமா? அஞ்சாவது வருஷ முடிவுல இன்சூரன்ஸ்காரன் உங்க காரோட மதிப்பைப் பாதியாத்தான் போடப் போறான், அது பளபளன்னு இருந்தாலும் பாதிதான்.

இன்சூரன்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. சாதாரண பாலிசியில பெயிண்ட் பொருள் செலவுல பாதியைத் தேய்மானம்னு கழிப்பாங்க. ஜீரோ டெப், அதான் நம்ம பம்பர் டு பம்பர், எடுத்திருந்தா அந்தக் கழிவு இல்ல. 1500 சிசி வரைக்கும் உங்க கையிலேர்ந்து கட்டாயமாப் போறது 1,000 ரூபாய். நோ கிளெய்ம் போனஸ் போயிடும், அதையும் கணக்குல வச்சுக்கங்க. நீங்க தனியாச் சொல்லி பிரீமியம் கட்டாத ஃபிலிமுக்கு மட்டும் பாலிசியில இடம் இல்ல. காருக்குக் கவசம் ஓகே, கவசத்துக்குக் கவசம் யாரு?

"விக்கும்போது நல்ல விலை போகும்"ங்கிறது அடுத்த கதை. பழைய கார் வாங்குறவர் இப்பல்லாம் கையில ஒரு தடிமன் மானியோட வர்றார். அந்தக் கருவிக்கு ஃபிலிம் எது, பெயிண்ட் எதுன்னு தெரியாது. தகரத்துலேர்ந்து மேல் பரப்பு வரைக்கும் மொத்தத்தையும் அளக்கும். 120 இருக்க வேண்டிய இடத்துல 320 காட்டும். 320-ன்னா அவர் அகராதியில மறுபெயிண்ட், பட்டி வேலை, ஆக்சிடென்ட் வண்டி! ஃபிலிம்தான்னு சொல்லி ஓரத்தை உரிச்சுக் காட்டி நம்ப வைக்கிறது உங்க பாடு. அதுக்காக அவர் ஒத்தை ரூபாய் கூடத் தர மாட்டார்.

காசு போனாப் போகட்டும்னே வைங்க. எனக்கு நெஜமா எரிச்சல் வர்றது வேற ஒரு இடத்துல.

போன மாசம் ராஜீவ் காந்தி சாலை சிக்னல்ல ஒரு சாப்பாடு டெலிவரி பையன். இருபது வயசுகூட இருக்காது. அவன் முதுகுப் பை ஒரு புதுக் காரோட பின் கதவுல உரசிடுச்சு. துணிப் பை. காரை நிறுத்தி இறங்கினவர், ஆளைப் பார்த்தா நம்மள மாதிரி கழுத்துல பட்டை போட்ட ஐடி ஆசாமிதான், முதல் வேலையா பைக் சாவியைப் பிடுங்கினார். "ஃபிலிம் மட்டும் ஒன்றரை லட்சம்டா, தெரியுமாடா"ன்னு கத்தினார். அவன் கையெடுத்துக் கும்பிடுறான், ஆர்டர் நேரம் ஓடுது. கதவுல நாலு விரல் நீளத்துக்கு ஒரு மங்கல் கோடு. வெந்நீர் ஊத்தினா மறையுற கோடு! அதுக்குத்தானே ஐயா ஒன்றரை லட்சம் குடுத்தீங்க? பின்னாடி நின்ன ஷேர் ஆட்டோ அண்ணன்தான் இறங்கி வந்து சாவியை வாங்கிக் குடுத்து அனுப்பினார்.

ஃபிலிம் ஒட்டினா மனசு நிம்மதியா இருக்கும்னு விக்கிறாங்க. நான் பார்த்த வரைக்கும் தலைகீழ். காசு கூடக் கூட பதட்டமும் கூடுது. முதல்ல பெயிண்டுக்குப் பயந்தாங்க, இப்ப ஃபிலிமுக்குப் பயப்படுறாங்க. கீறல் விழுந்தா கார் செத்துப்போச்சுங்கிற ஒரு எண்ணத்தை நம்ம தலையில ஏத்தி விட்டாத்தான் இந்த வியாபாரமே ஓடும். அந்த எண்ணத்தோட விலையைக் கடைசியில ரோட்டுல ரெண்டு சக்கரத்துல போறவன் குடுக்கிறான்.

இன்னொண்ணும் சொல்லணும். இதே ஆளுங்க கார் தேர்ந்தெடுக்கும்போது என்ன பண்றாங்கன்னு பாருங்க. 2023 அக்டோபர்லேர்ந்து பாரத் என்கேப்னு நம்ம நாட்டுக்கே மோதல் சோதனை வந்தாச்சு. இத்தனை நட்சத்திரம்னு எழுதி ஒட்டியே குடுக்கிறாங்க. ஆனாலும் சைடு ஏர்பேக் இருக்கிற மேல் வேரியன்டுக்கு எண்பதாயிரம் கூடன்னு கீழ் வேரியன்ட் எடுத்துட்டு, ஷோரூமை விட்டு நேரா ஃபிலிம் கடைக்குப் போறவங்களை எனக்கே நாலு பேர் தெரியும். கைக்குழந்தை இருக்கும். சைல்டு சீட் இருக்காது, "பதினஞ்சாயிரமா, ஒரு நாற்காலிக்கா?"ம்பாங்க. குழந்தை முன் சீட்டுல அம்மா மடியில. 2019 சட்டத் திருத்தப்படி 14 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ போடலைன்னா ஆயிரம் ரூபாய் அபராதம், அது கிடக்கட்டும். கதவுக்கு 200 மைக்ரான் பாதுகாப்பு, புள்ளைக்கு ஒரு புடவைத் தலைப்பு. என்னத்தைச் சொல்ல!

"என் காசு, என் காரு, உனக்கென்ன?"ன்னு அனானி ஒருத்தர் வருவார். தாராளமா ஒட்டுங்க. ஒரு பேனல் பெயிண்டுக்கே லட்சக்கணக்குல ஆகுற இறக்குமதி கார் வச்சிருக்கிறவங்களுக்கு முழு ஃபிலிம் நியாயமான செலவுதான். அவங்க இந்தப் பதிவைப் படிக்கிற நிலைமையில இல்லங்கிறது வேற விஷயம்.

நெடுஞ்சாலையிலயே குடும்பம் நடத்துறவங்க முன் பம்பர், பானட், முன் ஃபெண்டர், சைடு கண்ணாடியோட முதுகு, கதவுக் கைப்பிடிக் குழி, டிக்கியில சாமான் ஏத்துற விளிம்பு, இதோட நிறுத்திக்கங்க. முழு உடம்புச் செலவுல மூணுல ஒரு பங்குல முடியும். பில்லுல "அலிஃபாட்டிக் டிபியூ"ன்னு எழுதச் சொல்லுங்க, கூடவே தடிமனும் ரோல் எண்ணும். எழுத மாட்டேன்னா வெளியே வந்துடுங்க. பிளாட்டர் மெஷின்ல வெட்டி வந்து ஒட்டுறாங்களா, இல்ல கார் மேலயே வச்சு பிளேடால அறுக்கிறாங்களான்னு நின்னு பாருங்க. பிளேடு கொஞ்சம் அழுந்தினா உங்க பெயிண்ட்ல முதல் கோடு போடுறதே பாதுகாக்க வந்தவர்தான். அவங்க ஒட்டி ரெண்டு வருஷம் ஆன கார் ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க, நேத்து ஒட்டினது வேணாம். "டெலிவரி எடுத்த அன்னிக்கே ஒட்டலைன்னா பிரயோஜனம் இல்ல"ன்னு அவசரப்படுத்தினா நம்பாதீங்க, அடுப்புல வெந்து வந்த பெயிண்ட் எங்கயும் ஓடாது. இடையில ஏதாவது பேனல் மறுபெயிண்ட் அடிச்சிருந்தா மட்டும் ஒரு மாசமாவது ஆற விட்டு ஒட்டுங்க. அவசரப்பட்டா பின்னாடி உரிக்கும்போது பெயிண்டும் கூடவே கிளம்பி வரும்.

டிஸ்கி: "அப்ப செராமிக் கோட்டிங் போடலாமா பாஸ்?"னு கேட்கப் போறவங்களுக்கு. 2000-கள்ல டெஃப்லான் கோட்டிங்னு ஒண்ணு வித்தாங்க, ஞாபகம் இருக்கா? டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேணும். துணியால துடைச்சு விட்டா அது எப்படிக் கார்ல பிடிக்கும்னு அன்னிக்கு யாரும் கேட்கல. செராமிக் அந்த அளவுக்கு மோசம் இல்ல, தண்ணி முத்து முத்தா உருளும், கழுவ சுலபம். ஆனா தடிமன் ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான், கல்லைத் தடுக்காது. "9ஹெச் கடினம்"னு பெருமையாப் போட்டிருப்பாங்க. வைரத்துக்குப் பக்கத்துல நிக்குற ஒன்பது இல்லீங்க அது. பென்சில் சோதனையோட ஒன்பது. 9ஹெச் பென்சில் வச்சுக் கீறினா கீறல் விழாதுன்னு அர்த்தம். பக்கத்து வீட்டு வாண்டு பென்சிலும் கையுமா சுத்துதுன்னா கண்டிப்பாப் போட்டுக்கங்க :-)